விலைபோன விடுதலை: சிக்காகோக் கொலை வழக்கொன்றின் இரு தீர்ப்புகள்

1977ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே, கொலைக் குற்றஞ் சாட்டப்பட்ட ஹாரி அலெமன் என்பாரை நீதிபதி பிராங் வில்சன் விடுதலை செய்தார். இருபது ஆண்டுகளின் பின், 1997இல், அதே நகரில், அதே கொலைக்காக, அதே மனிதர் மீண்டும் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளியெனக் காணப்பட்டார். ஒரு குற்றத்தினின்றும் விடுதலை பெற்றவரை அதே குற்றத்திற்காக மறுமுறை விசாரித்துத் தண்டித்தல் அந்நாட்டு நீதி வரலாற்றில் அதற்கு முன் நிகழ்ந்ததன்று. இரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் வெளிவந்த உண்மைகளையும், அவை எழுப்பிய சட்டப் பிரச்சினையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1972 செப்ரெம்பரில், பாரவண்டித் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் லோகன் என்பவர் இரவு வேலைக்குப் புறப்பட்டு வீட்டு வாசலைத் தாண்டியபோது சுடப்பட்டு இறந்தார். நாயுடன் வீதியில் உலாவிக்கொண்டிருந்த அயலவர் ஒருவர் கொலையாளியை முகத்துக்கு முகம் கண்டார். எனினும் நான்கு ஆண்டுகளாக எவர் மீதும் வழக்குத் தொடுக்கப்படவில்லை. அலெமன் சிக்காகோவின் பாதாள உலகக் கூட்டத்தினர் ஏவிய கொலைகளைச் செய்பவர் எனப் பலராலும் பேசப்பட்டவர். அவரைச் சுட்டிக்காட்டுதல் எளிதன்று. கொலையாளியை ஏற்றிச் சென்ற வண்டியைச் செலுத்தியவர் பின்னர் வேறொரு விடயத்திற் பிடிபட்டு வாய்திறந்ததன் பின்னரே, 1976இல், குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. கண்கண்ட அயலவர், உடந்தையாயிருந்த சாரதி ஆகிய இருவர் கையில் இருக்கையில் அரசுத்தரப்பு வழக்கை வலுவானதென நம்பியதில் வியப்பில்லை.

எதிரி யூரர் விசாரணையை வேண்டாது, நீதிபதி தனியே விசாரிப்பதை விரும்பினார். இலினோய் மாநிலச் சட்டப்படி அது எதிரிக்குரிய உரிமை; அரசுத்தரப்பு அதனைத் தடுக்க இயலாது. இந்த உரிமை எதேச்சையான ஆட்சிக்கு எதிராக எதிரிக்கு வழங்கப்பட்ட பாதுகாப்புகளுள் ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது. ஆயின் பன்னிரு யூரர்களை விலைக்கு வாங்குதல் அரிது. ஒருவரை வாங்குதல் அத்துணை அரிதன்று.

உண்மையில் நடந்தது யாது என்பதைப் பின்னர் சாட்சியமாகக் கூறியவர் றொபேட் கூலீ என்னும் சட்டத்தரணி. சிக்காகோவின் முதலாம் வட்டார அரசியல் அமைப்பு பாதாள உலகத்திற்கும் நகராட்சிக்கும் நீதிமன்றுகளுக்கும் இடையே பாலமாக விளங்கியது. அதன் செயலாளர் பற் மார்சியின் ஏற்பாட்டில், கூலீ நீதிபதி வில்சனை அணுகிப் பத்தாயிரம் டொலருக்கு விடுதலைத் தீர்ப்பைப் பேசி முடித்தார். அலெமனுக்காக முதலில் தோன்றியவர் தோமஸ் மலோனி என்னும் சட்டத்தரணி. அவர் வில்சனின் நண்பராகையால், அவர் வழக்கில் நின்றால் ஐயம் எழும் என்ற காரணத்தால் விலகிக்கொள்ள, வேறொருவர் அமர்த்தப்பட்டார். பணத்தில் ஒரு பகுதி முற்பணமாகவும், மீதி தீர்ப்பின் பின் உணவகம் ஒன்றின் கழிப்பறையிலும் கைமாறியது. மலோனியின் பெயரை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று. அவரிடம் மீண்டும் வருவோம்.

இங்கே வரலாற்று மாணவர் சிறப்பாக நோக்கவேண்டியது, இத்தகைய சதி வெளித்தோற்றத்தில் எவ்வளவு ஒழுங்காக நடைபெறக்கூடும் என்பதையே. நீதிபதி சட்டப் பிரச்சினை ஒன்றைத் தவறாகத் தீர்ப்பாராயின் அது வழக்கேட்டிற் பதிவாகும். அறிந்தோர் பின்னர் அதனைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் ‘இச்சாட்சியை நான் நம்பவில்லை’ என்று கூறுதல் எத்தடயத்தையும் விட்டுச்செல்வதில்லை. சாரதியோ குற்றத்தில் உடந்தையானவர். தன்னைக் காத்துக்கொள்ளப் பொய்யுரைத்திருக்கலாம். அயலவர் கண்டதோ இரவு நேரத்தில். நேர்மையான நீதிபதி ஒருவரும் இவ்வழக்கில் ஐயங்கொண்டிருத்தல் கூடும். குற்றம் நியாயமான ஐயத்துக்கு அப்பால் எண்பிக்கப்படவில்லை என்று வில்சன் கூறியபோது அவர் பயன்படுத்திய சொற்கள் சட்டத்தின் சொற்களே. எதிரியைக் காப்பதற்கென ஏற்பட்ட கோட்பாடே கையூட்டை மறைக்கும் போர்வையாயிற்று. அதற்கு மேல், அமெரிக்காவில் விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசுத்தரப்பு மேன்முறையீடு செய்தல் இயலாது. இலங்கையிற் சட்டமா அதிபருக்கு அவ்வுரிமை உண்டு. அங்கே இல்லாமையால் அத்தீர்ப்பை மறுபடி பார்வையிடும் கண் எதுவும் இருக்கவில்லை.

மக்கள் முணுமுணுத்தனர், செய்தித்தாள்கள் கண்டித்தன. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. சில ஆண்டுகளில் வில்சன் பதவியிலிருந்து நீங்கி அரிசோனா மாநிலத்திற் குடியேறினார். 1986இல் கூலீ தாமாகவே சமஷ்டி அரசின் வழக்குத்தொடுநரிடஞ் சென்று, தாம் அறிந்தவற்றைக் கூற முன்வந்தார். உடலில் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துக்கொண்டு பழைய நண்பர்களுடன் உரையாடினார். ஓய்வுபெற்ற வில்சனையும் அவ்வாறே சந்தித்தார். விடயம் வெளியாகப் போகின்றது என்பதை உணர்ந்த வில்சன் 1990இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மார்சி வழக்கு முடியுமுன்னரே 1993இல் இறந்தார்.

1993இன் இறுதியில் அலெமன் மீது அதே கொலைக்காகப் புதிய குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. ஒருவரை ஒரே குற்றத்திற்காக இருமுறை உயிரிடருக்கு உட்படுத்தலாகாது என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் தொன்மையான கோட்பாடு. 1791இல் அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்தில் அது இடம்பெற்றது. பிழையான விடுதலையும் விடுதலையே என்பதை அந்நாட்டு நீதிமன்றுகள் மிக உறுதியாகக் கடைப்பிடித்து வந்தன. இக்கோட்பாட்டின் துணையையே அலெமன் நாடினார். 1994இல் நீதிபதி மைக்கல் டூமின் அளித்த விடை எளியது. ‘இடர்’ என்பது தண்டனை பெறக்கூடிய அபாயம். நீதிபதியை விலைக்கு வாங்கியவர் அவ்வபாயத்தைத் தாமே அகற்றிவிட்டார். எனவே 1977இல் அவர் இடருக்கு உட்படவேயில்லை. இருமுறை என்ற பேச்சுக்கே இடமில்லை. மாநில மேன்முறையீட்டு மன்றும், பின்னர் 1998இற் சமஷ்டி மேன்முறையீட்டு மன்றும் இதனை ஏற்றன. 1997இல் அந்த அயலவர் கால் நூற்றாண்டின் பின் மீண்டும் சாட்சிக் கூண்டில் ஏறினார். இம்முறை கேட்டவர்கள் யூரர்கள். அலெமனுக்கு நூறு முதல் முந்நூறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2010இற் சிறையிலேயே இறந்தார்.

இத்தீர்ப்பு ஆபத்தானதென வாதிடுவோரும் உளர். அரசு தனக்கு ஒவ்வாத விடுதலைகளையெல்லாம் ‘போலி விடுதலை’ எனக் கூறி மீண்டும் மீண்டும் வழக்குத் தொடுக்க வழி பிறக்குமென்பது அவர்தம் அச்சம். அவ்வச்சத்தைப் புறக்கணித்தல் தகாது. ஆயினும் இங்கே புதிய சான்று கிடைத்ததென்பதற்காக வழக்கு மீளத் திறக்கப்படவில்லை. முதலாவது விசாரணை விசாரணையாகவே இருக்கவில்லை என்பது எண்பிக்கப்பட்டதனாலேயே திறக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை விடாது பற்றிக்கொள்ளும்வரை கோட்பாடு சிதையாது என்பது எனது துணிபு. இங்கிலாந்து இதே காலத்தில், 1996ஆம் ஆண்டுச் சட்டமொன்றால், கறைபட்ட விடுதலைகளை நீக்க வழிசெய்தது. ஆனால் அச்சட்டம் யூரரையும் சாட்சிகளையும் குழப்புதல் பற்றியே பேசுகின்றது. நீதிபதியைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. நீதிபதி விலைபோகக்கூடும் என எண்ணுவதற்கே சட்டமியற்றுவோர் கூசினர் போலும்.

இதுவரை கூறியது பணம் கொடுத்தவரின் கதை. கொடாதவரின் கதை மேலும் கொடியது. அலெமன் வழக்கிலிருந்து விலகிய மலோனி அதே 1977இல் நீதிபதியாக நியமனம் பெற்றார். கடுமையான தண்டனைகளுக்குப் பெயர்பெற்ற அவர், கொலை வழக்குகளிற் கையூட்டுப் பெற்றமைக்காக 1993இற் குற்றவாளியாகக் காணப்பட்டார். 1986இல் இரட்டைக் கொலை வழக்கொன்றிற் பத்தாயிரம் டொலரைப் பெற்றுக்கொண்ட அவர், புலனாய்வாளர் தம்மைக் கவனிக்கின்றனரென ஐயுற்றுப் பணத்தை இடைநடுவே திருப்பிக் கொடுத்துவிட்டு, எதிரிகள் இருவருக்கும் மரண தண்டனை விதித்தார். அவ்விருவருள் ஒருவர் 2009இல் மறுவிசாரணையில் விடுதலையானார். அப்பணத்தைக் கொண்டுசென்ற சட்டத்தரணி ஏன் கொடுத்தார்? அதற்கு முன் இதே நீதிபதியிடம் பணம் கொடாது நடத்திய வழக்கொன்றில், வென்றுவிடலாமென நம்பியிருந்தும் தம் கட்சிக்காரர் தண்டிக்கப்பட்டதிலிருந்து கற்ற பாடமே காரணமென அவர் பின்னர் கூறினார்.

சிலரை விலைக்கு விடுவிக்கும் நீதிபதி, தம்மீது ஐயம் எழாதிருக்க ஏனையோர்மீது கடுமை காட்டுவாரல்லவா? மலோனியால் மரண தண்டனை விதிக்கப்பட்ட வில்லியம் பிரேசி என்பவர் இவ்வினாவையே எழுப்பினார். அவர் வழக்கிற் பணம் கைமாறவில்லை. கைமாறாததே அவருக்குக் கேடாயிற்று என்பது வாதம். 1997இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமனதாக, அவர் இதற்குரிய சான்றுகளைத் தேடிப் பெறலாமெனத் தீர்த்தது. ஆனால் நீதிபதியின் மனத்துள் இருந்ததற்குச் சான்று எங்கே கிடைக்கும்? கையூட்டுக்குக் கைமாறிய பணமும் ஒலிப்பதிவும் உண்டு. கையூட்டை மறைக்கக் காட்டிய கடுமைக்கு அத்தகைய எதுவும் இல்லை. 2002இற் சமஷ்டி மேன்முறையீட்டு மன்று பிரேசியின் மரண தண்டனையை நீக்கியது. அவரைக் குற்றவாளியெனக் கண்ட, அதே மலோனியின் தலைமையில் நடந்த விசாரணையின் முடிவை மட்டும் அவ்வாறே நிலைக்க விட்டது.