சிறு வண்ணமீன்களுக்கான தொட்டி

சிறு வண்ணமீன் தொட்டி என்பது கப்பி, பிளாட்டி, மோலி, டேனியோ, ஃபைட்டர் போன்ற சிறிய வெப்பமண்டல மீன்களை வீட்டில் வளர்க்கும் கலம். சென்னையின் மேற்குப் புறநகரான பாரிவாக்கம், பூந்தமல்லி, ஆவடி பகுதிகளில் கண்ணாடித் தொட்டி, சிமென்ட் உறை, பிளாஸ்டிக் டப், வாய் குறுகிய கண்ணாடி ஜாடி என்று பலவும் இதற்குப் பயன்படுகின்றன. மீன்களில் பெரும்பாலானவை வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற கொளத்தூரிலிருந்து வருபவை.

கலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நீரின் ஆழத்தை அல்ல, காற்றைத் தொடும் நீர்ப்பரப்பை. மீன் மூச்சுவிடும் ஆக்சிஜன் பெரும்பாலும் அந்தப் பரப்பின் வழியாகத்தான் கரைகிறது. 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டை ஜாடியைக் கழுத்துவரை நிரப்பி, நீர்மட்டத்தில் அதன் அகலம் 15 செ.மீ. ஆகிவிட்டால் கிடைக்கும் பரப்பு ஏறத்தாழ 177 சதுர செ.மீ. அதே ஜாடியைப் பாதிவரை மட்டும் நிரப்பினால் பரப்பு 700-ஐத் தாண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள சாதாரணத் தொட்டியில் அது சுமார் 1,860. நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும்: 25 பாகை செல்சியசில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல், 35 பாகையில் 7 அளவுக்குத்தான். வெயில் 40 பாகையைத் தொடும் மே மாதத்தில் ஜாடி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதற்கு இதுவே முதல் காரணம். இத்தாலியின் மோன்சா நகரம் 2004-லும் ரோம் 2005-லும் உருண்டை ஜாடியில் மீன் வளர்க்கத் தடை விதித்தன. அழகுக்காக அந்த ஜாடியை வாங்குவதை இங்கும் கைவிட வேண்டும்.

ஃபைட்டருக்கு ஒரு கண்ணாடி டம்ளர் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. செவுளோடு, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பும் அதற்கு இருப்பதால் வந்த நம்பிக்கை இது. ஆக்சிஜன் குறைவை அது தாங்கும். தன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தாங்காது. நீர் குறைவாக இருந்தால் அம்மோனியாவின் செறிவு விரைவில் ஏறும். நீரின் பி.எச். 7-லிருந்து 8-க்குப் போனால் அம்மோனியாவில் நஞ்சாகும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. வெப்பமும் அதைக் கூட்டும். உப்புத்தன்மையும் கடினமும் உள்ள போர் தண்ணீரை ஊற்றும் வீடுகளில் சின்னக் கலம் இரட்டை ஆபத்து. ஒரே ஒரு ஃபைட்டருக்கும் 15 லிட்டராவது வேண்டும். அது துள்ளி வெளியே விழும் மீன் என்பதால் மூடியும் தேவை. மூடிக்கும் நீருக்கும் நடுவே காற்றுக்கு இடம் விட வேண்டும்.

கண்ணாடித் தொட்டியைக் கடைகளில் அடிக்கணக்கில் சொல்வார்கள். ‘ரெண்டுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு’ என்றால் 2 கன அடி, அதாவது சுமார் 56 லிட்டர். கண்ணாடி 5 மி.மீ. கனமாவது இருக்கட்டும். கல்லும் நீருமாக மொத்த எடை 70 கிலோவை நெருங்கும் என்பதால் சுவர்ப் பலகையில் வைக்கக்கூடாது. சமதளமான மேசையில் தெர்மோகோல் விரித்து அதன்மேல் வைக்கலாம். ஒட்டுவதற்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த சிலிகோனைப் பயன்படுத்தினால் மீன் செத்துப்போகும்.

வாசலில் இடமிருந்தால் இந்த வட்டாரத்துக்கு மிகவும் ஏற்றது கிணற்று உறைதான். மூன்றடி விட்டம், ஓரடி உயரமுள்ள உறைக்கு அடித்தளம் போட்டு நிரப்பினால் 200 லிட்டர் பிடிக்கும். நீர்ப்பரப்பு 6,500 சதுர செ.மீ.க்கு மேல். கப்பி, மோலி கூட்டங்கள் ஏர் பம்ப் இல்லாமலேயே அதில் பெருகும். புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பி.எச்.சை ஏற்றிவிடும். அதனால் வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டு இரண்டு வாரம் நீரை ஊறவைத்து, வடித்து, திரும்பத் திரும்பக் கழுவிய பிறகே மீன் விட வேண்டும். மேற்கு வெயில் படாத இடமும், மேலே பச்சை நிழல்வலையும் அவசியம். வலை காக்கை, மீன்கொத்தி, பூனையிடமிருந்தும் காக்கும். கொசுப் புழுக்களைக் கப்பிகளே தின்றுவிடும்.

நியான் டெட்ரா இந்த வெயிலைத் தாங்காது. அதை வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும். கங்கைச் சமவெளியைச் சேர்ந்த வரி டேனியோ ஓடி நீந்தும் மீன் என்பதால் அதற்கு உயரத்தைவிட நீளம் முக்கியம்.

தொட்டியோடு சேர்த்து ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் கவசக் கெளுத்தியை இரண்டடித் தொட்டிக்கு வாங்கக் கூடாது. வாங்கும்போது விரலளவு இருக்கும் அது ஓரடிக்கு மேல் வளரும். இடம் போதாமல் வெளியே விடப்பட்டவை சென்னையின் நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களை நெருக்குகின்றன. வடகிழக்குப் பருவமழையில் வாசல் உறைகளும் நிரம்பி வழியும். ஆகவே விளிம்புக்கு நான்கு விரல் கீழே வடிகுழாய் வைத்து, அதன் வாயில் கொசுவலை கட்டிவிட்டால் கப்பிக் குஞ்சுகள் கால்வாய் வழியே ஏரிக்குப் போகாது.