சுங்கச்சாவடிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

உளுந்தூர்பேட்டையை ஒட்டியிருக்கும் உளுந்தாண்டார்கோவிலின் தலக்கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மிளகு மூட்டைகளோடு வந்த வணிகர், மூட்டையில் என்ன என்று கேட்ட முதியவரிடம் "உளுந்து" என்று பொய் சொல்லிவிட்டுப் போனார். சந்தையில் அவிழ்த்தால் அத்தனை மூட்டையிலும் உளுந்து. கேட்டவர் அந்தக் கோவிலின் இறைவன் மாஷபுரீஸ்வரர். சுங்கச்சாவடிகளில் ரீடர் மாட்டி, சர்வர் பார்த்துப் பிழைக்கிற எனக்கு இந்தக் கதையில் பக்தியோடு இன்னொன்றும் தெரிகிறது. இந்த வழியில் சரக்கு போய்க்கொண்டே இருந்திருக்கிறது. என்ன கொண்டு போகிறாய் என்று கேட்கவும் ஆள் இருந்திருக்கிறது.

சுங்கத்தை நீக்கியதற்காகவே முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர் நின்றது. வணிகர்களுக்கு அது எவ்வளவு பெரிய சுமையாக இருந்திருக்க வேண்டும்! கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் உள்நாட்டுச் சரக்குக்குச் சாயர் வரி இருந்தது. பல இடங்களில் அதைக் குத்தகைக்கு விட்டார்கள். கணக்கு குத்தகைதாரர் கையில். வண்டிக்காரர் சரிபார்க்க வழியே இல்லை. சென்னை மாகாணத்தில் 1844-ஆம் ஆண்டின் 6-ஆவது சட்டம் அதை ஒழித்தது. பிறகு சாலைகளில் டோல்கேட் வந்தது. 1931-இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தபின் மோட்டார் வண்டிகளுக்கு அதுவும் போனது.

நான்குவழிச் சாலையோடு சுங்கம் திரும்பி வந்தது. சென்னை - திருச்சி சாலையில் செங்குறிச்சிச் சாவடி எழுந்தது. முதலில் ரொக்கம்தான், சில்லறைத் தகராறு, கசங்கிய ரசீது, பண்டிகை நாளில் நீண்டுபோகும் வரிசை. நந்தன் நிலேகனி குழு 2010-இல் சுங்கம் வசூலிக்க ரேடியோ அலை வில்லையைப் பரிந்துரைத்தது. இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016-இல் வங்கிகளை இணைக்கும் பொது அமைப்பைக் கொண்டுவந்தது. 2017 டிசம்பர் முதல் புதிய நான்கு சக்கர வண்டிகள் ஃபாஸ்டேக் என்ற அந்த வில்லையோடுதான் விற்பனைக்கு வந்தன. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் எல்லா லேனிலும் அது கட்டாயமாயிற்று.

கண்ணாடியில் ஒட்டிய அந்த வில்லையில் பேட்டரி கிடையாது, பணமும் கிடையாது. மேலே இருக்கும் ஆன்டெனா 865 - 867 மெகாஹெர்ட்ஸ் அலையை வீசினால், அந்த அலையின் சக்தியிலேயே அது தன் எண்ணைச் சொல்லும். ஒரு வண்டி கடப்பதற்குள் அதே எண் பலமுறை வந்து விழும். அதில் ஒன்றை மட்டும் எடுத்து, நேரம் போட்டு, கேமரா படத்தோடு சேர்த்து வைப்பது லேன் கணினி. அங்கிருந்து சாவடி சர்வர், சாவடியின் வங்கி, மத்திய அமைப்பு, கடைசியாக வண்டிக்காரரின் வங்கி. லைன் அறுந்தாலும் வண்டியை நிறுத்த முடியாது. செல்லாத வில்லைகளின் பட்டியல் சாவடியிலேயே இருக்கும், பதிவுகள் சேர்ந்திருந்து லைன் வந்ததும் போகும். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு குறுஞ்செய்தி வருவதற்கு ஒரு காரணம் இதுதான்.

மரவள்ளிக்கிழங்கு லோடு அடிக்கும் டிரைவர் ஒருவர், நான் வேலை பார்த்த சாவடி ஒன்றில் போனை நீட்டினார்.

"தம்பி, நான் ஒரு தடவைதான் போனேன். ரெண்டு தடவை காசு போயிருக்கு பாரு."

"வண்டி நம்பர் சொல்லுங்கண்ணே."

பதிவில் ஒரே வில்லை, இரண்டு லேன். படத்தில் லாரி ஒரு லேனில்தான் நிற்கிறது. பக்கத்து லேன் ஆன்டெனா காற்றில் கொஞ்சம் திரும்பி, இவர் வில்லையையும் படித்துவிட்டது. இரட்டைப் பதிவைச் சர்வரே தள்ளியிருக்க வேண்டும். ஆனால் அந்த லேன் கணினியின் கடிகாரம் சில நிமிடம் பின்தங்கியிருந்ததால், இரண்டும் வேறுவேறு பயணமாகத் தெரிந்தன. படத்தை இணைத்து அனுப்பினோம், பணம் திரும்பியது. சாயர் காலத்து வண்டிக்காரருக்கு இந்த வாய்ப்பு இல்லை. இந்தத் தொழிலில் நான் மதிப்பது இதைத்தான்: கணக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது.

இந்த மாற்றத்துக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. செங்குறிச்சியிலும் பெரம்பலூர் மாவட்டத் திருமாந்துறையிலும் பணிநீக்கத்தை எதிர்த்து ஊழியர்கள் 2022 அக்டோபரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பூத்தில் வெயிலும் புகையும் குடித்துச் சில்லறை எண்ணியவர்கள் அவர்கள். கணக்கு சர்வருக்குப் போனால் அவர்களுக்கு வேறு வேலை தர வேண்டும். அதைச் செய்யாத வளர்ச்சியை நான் வளர்ச்சி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். சாவடியின் பெயர், நேரம், தொகை மூன்றையும் பாருங்கள். வில்லையில் பணம் இருந்தும் சாவடியின் கருவி படிக்கவில்லை என்றால், கட்டணமில்லாமல் பூஜ்ய ரசீதோடு போக 2018 முதல் விதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். தவறாகப் பிடித்திருந்தால் உங்கள் வங்கியிடம் சொல்லுங்கள், அல்லது 1033-க்குப் போன் போடுங்கள்.