குடாநாட்டு வீதிகளில் மொறிஸ் மைனர்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆலயத்தை எழுதுவர்; பாடசாலையை எழுதுவர்; குளத்தையும் சந்தையையும் எழுதுவர். அவ்வூர் மக்களைச் சுமந்து திரிந்த வாகனங்களைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும், மணமக்களை ஆலய வாசலில் இறக்கியதும், நோயிற்பூசுதலுக்காக நடுச்சாமத்தில் சுவாமியாரை அழைத்து வந்ததும், மடுத் திருவிழாவுக்குப் பாயும் பானையும் கூரையில் கட்டிக் குடும்பத்தோடு சென்றதும் இந்த வாகனங்களில்தாமே! யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு உழைத்த மொறிஸ் மைனர் என்னும் சிறு காரின் வரலாற்றை நம் பங்கு மக்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

பிறப்பும் வளர்ச்சியும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். சாதாரணக் குடும்பம் ஒன்று வாங்கக்கூடிய, ஆனால் பெரிய காரைப் போலச் சீராக ஓடக்கூடிய ஒரு சிறு காரைச் செய்ய வேண்டும் என்று இங்கிலாந்தின் மொறிஸ் கம்பனியில் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் முயன்றார். இவர் 1906இல் சிமிர்னா நகரிற் பிறந்தவர். பிற்காலத்தில் மினி காரை வடிவமைத்தவரும் இவரே. செய்து முடித்த மாதிரிக் கார் ஒடுக்கமாக இருப்பதாக இவருக்குப் பட்டது. அதை நெடுக்கே இரண்டாக வெட்டி, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். முன்மூடியின் நடுவே நீளமாக ஓடும் தட்டையான பட்டை அந்த மாற்றத்தின் அடையாளமாகும். கம்பனியின் தலைவரான நஃபீல்ட் பிரபுவுக்கு இக்காரின் உருவம் சற்றும் பிடிக்கவில்லை. உரித்துக் கொதிநீரில் அவித்த முட்டைபோல இருக்கிறது என்று அவர் பழித்ததாகச் சொல்வர்.

பழிக்கப்பட்ட அந்தக் கார் 1948ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் வெளிவந்தது. ஒக்ஸ்போட் நகரை அடுத்த கௌளி தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. தொடக்கத்தில் இதன் எஞ்சின் 918 கன சென்ரிமீற்றர். 1952இல் மொறிசும் ஒஸ்ரினும் ஒன்றாக இணைந்தபின் 803, 1956இல் 948, 1962இல் 1098 எனப் புதிய எஞ்சின்கள் வந்தன. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் இதுவே. 1970இல் சாதாரணக் காரும், 1971இல் மரச்சட்டம் பொருத்திய ‘ட்ரவலர்’ வகையும் நிறுத்தப்பட்டன. அதற்குள் ஏறத்தாழ 16 இலட்சம் வாகனங்கள் வெளிவந்துவிட்டன.

நம் நாட்டுக்கும் இக்கார்கள் வந்திறங்கின. வைத்தியர்களும் ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் வாங்கினர். சந்திகளில் ஒஸ்ரின் கேம்பிறிச், ஏ-40 ஆகியவற்றோடு மைனரும் ஹயருக்கு நின்றது. 1970 முதல் 1977 வரை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுக்கப்பட்டது. புதுக்கார் வாங்க வழியில்லாத அவ்வாண்டுகளில், இருந்த காரைச் சாகவிடாமல் வைத்திருக்கும் வித்தையை நம்மவர் நன்றாகப் பழகிக்கொண்டனர். 1977க்குப் பின் யப்பானியக் கார்கள் வந்து நிறைந்தபோதும், அந்த வித்தை கராச்சுகளிலும் வீட்டு வளவுகளிலும் நிலைத்து நின்றது.

பழகிய முறை

அக்காலத்தில் கார் ஓட்டப் பழகுதல் என்றால் திறப்பைத் திருப்பிப் புறப்படுவதன்று. முதலில் முன்மூடியைத் திறக்க வேண்டும். ஒயில் அளவு, தண்ணீர் அளவு, பற்றரித் தண்ணீர், ரயர்க் காற்று ஆகிய நான்கையும் பார்த்த பின்னரே ஆசனத்தில் அமர அனுமதி கிடைக்கும். பின்பு எஞ்சினை உயிர்ப்பிக்கும் முறை. திறப்பைத் திருப்பியதும் எஸ்.யு. பெற்றோல் பம்பு ‘டிக் டிக்’ என்று அடிக்கும். காபரேற்றர் நிறைந்ததும் அச்சத்தம் அடங்கும். சத்தமே இல்லையானால் பம்பின் முனைகள் ஒட்டிக்கொண்டன என்று பொருள். ஸ்பானரால் மெல்லத் தட்டினால் மீண்டும் அடிக்கத் தொடங்கும். சோக்கை இழுத்து, ஸ்ராட்டர் பிடியையும் இழுக்க வேண்டும். பற்றரி சோர்ந்திருந்தால் முன்புறத்திற் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். பெருவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும் என்பது முதற் பாடம். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும் அல்லவா?

மைனரின் முதலாவது கியருக்கு ‘சிங்கிறோ’ அமைப்புக் கிடையாது. கார் அசைந்துகொண்டிருக்கும்போது அந்தக் கியரை நேரே போட்டால் பற்கள் கறகறவென்று அரையும். ஆகவே கிளச்சை மிதித்துக் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளச்சை விட்டு, அக்சிலறேற்றரைச் சற்று அழுத்தி, மறுபடியும் கிளச்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். கேட்கச் சிக்கலாகத் தோன்றும் இச்செயல் கைக்கும் காலுக்கும் செவிக்கும் ஒருங்கே பயிற்சி தந்தது. எஞ்சினின் குரலைக் கேட்டுக் கியர் மாற்றப் பழகியவன், அதே குரல் மாறினால் நோய் வந்திருப்பதையும் அறிவான்.

குடாநாடு சமதரை. ஏற்றத்திற் காரை நிறுத்தி எடுக்கப் பழக மதகுகளும் பாலத்துச் சரிவுகளுமே கிடைத்தன. திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து செம்மஞ்சட் கைகாட்டி வெளியே நீளும். 1961இல்தான் மின்னும் விளக்குகள் வந்தன. கைகாட்டியை மட்டும் நம்பாமல், வலக்கையை வெளியே நீட்டிச் சைகை காட்டவும் பழக்கினர். மாட்டுவண்டியும் சைக்கிளும் நடைபாதசாரியும் நிறைந்த ஒழுங்கைகளில் அது அவசியமாயிருந்தது.

பேணிய முறை

மைனர் எதையும் பொறுக்கும் கார் என்று சிலர் சொல்வர். அது முழு உண்மையன்று. முன் சில்லுகளைத் தாங்கும் திருகாணிப் பொருத்துகளுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்க வேண்டும். அதை மறந்தால் புரிகள் தேய்ந்து, ஒருநாள் சில்லு மடிந்து கார் வீதியில் முகங்குப்புற விழும். பிறேக் எண்ணெய்ச் சாடியோ சாரதியின் காலடியில், தரைவிரிப்பின் கீழ் ஒளிந்திருக்கிறது. கண்ணிற் படாததால் பார்க்காமல் விடுவோர் உண்டு. அதன் விலையைப் பிறேக்கை மிதிக்கும்போதே அறிவர்.

நம் மண்ணுக்கென்று இரு பகைவர் உண்டு. ஒன்று கடற்காற்று. உப்பு ஏறிய ஈரம் கதவடிப் பெட்டிகளையும், பின் வில்லுகள் பொருந்தும் இடங்களையும், தரைத் தகட்டையும் துருவாய் அரிக்கும். மற்றையது நம் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புப் பாறையில் ஊறிவரும் அந்நீர் கேத்திலிற் காரை படிவிப்பதுபோல் றேடியேற்றரிலும் படிவிக்கும். ஆகவே மாரியில் மழைநீர் பிடித்து வைத்து ஊற்றுவதே நல்லது. பிளக் இடைவெளி 25, டிஸ்ரிபியூட்டர் முனை இடைவெளி 15, வால்வு இடைவெளி 12 – எல்லாம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில். 948 எஞ்சின் வைத்திருந்தோர் இவ்வெண்களைப் பெருக்கல் வாய்பாடுபோல் மனனம் செய்திருந்தனர்.

சோதனைக் காலம்

இந்தப் பழக்கமெல்லாம் எதற்கு உதவிற்று என்பதை 1990ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஜூனில் போர் மறுபடியும் மூண்டது. குடாநாட்டுக்குப் பெற்றோல், டீசல், பற்றரி முதலியன வருவது தடைசெய்யப்பட்டது. மின்சாரமும் இல்லை. புதிய வாகனங்கள் கொட்டில்களில் முடங்கின. அவ்வேளையில் பழைய மைனர்களும் கேம்பிறிச்சுகளும் மண்ணெண்ணெயில் ஓடின!

இது மாயமன்று. அக்கால எஞ்சின்களின் அமுக்கம் குறைவு. 918 எஞ்சினின் அமுக்க விகிதம் ஏழுக்கும் கீழே. ஆகவே தரங்குறைந்த எரிபொருளையும் அது ஒருவாறு ஏற்கும். இங்கிலாந்தின் ஃபேகசன் உழவு இயந்திரங்களுள் ஒரு வகை பெற்றோலிற் தொடங்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடும்படியாகவே செய்யப்பட்டது. நம்மவர் செய்ததும் அதே தத்துவம். சிறு போத்தலிற் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குக் கொடுத்து எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். எஞ்சின் ‘டக டக’ என்று இடித்தால், டிஸ்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பித் தீப்பொறியைப் பிந்த வைத்தனர். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலோடு கலக்கும். அளவுக்கோலில் ஒயில் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் அதுவே எச்சரிக்கை. உடனே மாற்றாவிட்டால் பெயரிங்குகள் தேயும். மாற்றவும் ஒயில் கிடைப்பது அரிதாயிருந்த நாட்களில், ஒவ்வொரு பயணமும் எஞ்சினின் ஆயுளிற் சிறிதைச் செலவிட்டே நடந்தது.

ஆகவே யாருக்காக அந்த ஆயுளைச் செலவிடுவது என்ற கேள்வி எழுந்தது. பிரசவ வேதனையிலிருந்த தாய்மாருக்கும், காயப்பட்டோருக்கும், நடக்கமாட்டாத முதியோருக்கும் என்பதே விடையாயிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். பெரும்பாலோர் கால்நடையாகவும் சைக்கிள் உருட்டியும் சென்றனர். அந்த நெருக்கத்தினூடே அங்குலம் அங்குலமாக ஊர்ந்த பழைய கார்களை அன்று வீதியில் நின்ற எவரும் மறந்திருக்கமாட்டார்.

வருந்தலைமுறைக்கு

1990களில் வேறொரு புதுமையும் நடந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்து வந்த நிலையம் ஒன்றின் தொடர்பால், அக்காருக்குரிய உடற் தகடுகள் இலங்கையிற் செய்யப்பட்டு ஆங்கிலேயருக்கே அனுப்பப்பட்டன. பிறந்த நாட்டில் நின்றுபோன தொழில் நம் தீவிற் தொடர்ந்தது! பொருளை எறியாமற் பேணுவோர் கையில் அதன் ஆயுள் நீளும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இன்று மைனர் கலியாண ஊர்வலத்துக்கும் கண்காட்சிக்கும் அலங்காரப் பொருளாகி வருகிறது. மினுக்கிய நிறத்தைக் கண்டு மகிழ்கிறோம். அதைக் காத்த கைகளை மறக்கிறோம். அக்கைகளுக்குரியோர் பலர் மூப்படைந்துவிட்டனர். பலர் கடல் கடந்து போய்விட்டனர். பலர் இறைவனடி சேர்ந்துவிட்டனர். அவர்களது அறிவு நூலில் எழுதப்படவில்லை. ஒரு மாமாவிடமிருந்து மருமகனுக்கும், ஒரு மெக்கானிக்கிடமிருந்து எடுபிடிப் பையனுக்கும் வாய்வழியாகவும் கைவழியாகவுமே வந்தது. அந்தச் சங்கிலி அறுந்தால், காரைக் காசு கொடுத்து வாங்கலாம். அதை ஓடவைக்கும் கையை வாங்க முடியாது.

ஆகவே நம் இளைஞருக்கு ஒன்று சொல்வோம். பங்கில் எவர் வீட்டு வளவிலாவது ஒரு மைனர் ஓலையின் கீழ் உறங்குமானால், அதை விலை பேசுமுன் அந்த வீட்டுப் பெரியவரிடம் போய், “ஐயா, இதை எப்படி எடுப்பது என்று ஒருக்காற் காட்டித் தாருங்கள்” என்று கேளுங்கள். கிறீஸ் துப்பாக்கியை எங்கே வைக்க வேண்டும், பம்பை எங்கே தட்ட வேண்டும், கைப்பிடியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர் காட்டுவார். கூடவே, அந்தக் கார் எந்த இரவில் யாரை ஏற்றிச் சென்றது என்றும் சொல்வார். இரண்டையும் கேட்டு வைத்திருங்கள். நம் ஊரின் வரலாற்றில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது.