வெறுங்குவளைக்குள் கிடைத்த விதி

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளிடம் கூலோமின் விதியைக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். இரண்டு ஏற்றங்களுக்கு இடையிலான விசை தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமம். தூரம் இரு மடங்கானால் விசை காற்பங்கு. இது எப்படித் தெரியவந்தது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அதனால் இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பெற்றோரும் வாசிக்கலாம்.

கூலோம் அளப்பதற்குப் பதினெட்டு வருடங்களுக்கு முன்பே ஒருவர் இந்த விதியை ஊகித்து எழுதிவிட்டார். அதுவும் விசையை அளந்து அல்ல, விசையே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்து!

அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு வெள்ளிக் குவளைக்கு மின்னேற்றி, நூலில் கட்டிய தக்கைக் குண்டை உள்ளே இறக்கினார். குவளையின் வெளிப்பக்கம் தக்கையை இழுத்தது. உள்ளே அசைவே இல்லை. காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. இங்கிலாந்து நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லியைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். 1766 டிசம்பரில் பிரீஸ்ட்லி செய்தபோதும் அதே முடிவுதான்.

பிரீஸ்ட்லிக்கு நியூட்டனின் ஒரு கணக்கு ஞாபகம் வந்தது. பொள்ளான கோள ஓட்டுக்குள் ஈர்ப்பு விசை எந்தப் பக்கமும் இழுக்காது என்பது அது. ஓட்டுக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்திலிருந்து முன்னும் பின்னும் ஒரே விரிவுள்ள இரண்டு கூம்புகளை வரையுங்கள். பின்சுவர் மூன்று மடங்கு தூரம் என்றால், அங்கே கூம்பு வெட்டும் பரப்பு ஒன்பது மடங்கு, ஆகவே ஏற்றமும் ஒன்பது மடங்கு. ஆனால் அந்தத் தூரத்தில் விசை ஒன்பதில் ஒன்றாகிறது. முன்சுவரும் பின்சுவரும் சரிக்குச் சரி. எல்லாத் திசையிலும் இப்படியே கூட்டினால் விடை பூச்சியம். வர்க்கத்துக்குப் பதிலாக வேறு அடுக்கைப் போட்டால் கணக்கு பிசகிவிடும்.

அப்படியென்றால் மின்விசையும் ஈர்ப்பின் விதியைத்தானே பின்பற்ற வேண்டும் என்று 1767இல் தன் நூலில் எழுதினார். குவளை ஒரு கோளம் அல்ல. ஆகவே அது நிறுவல் இல்லை, அருமையான ஊகம்.

அதைக் கோளத்தில் செய்து பார்த்தவர் ஹென்றி கெவன்டிஷ். ஒரு கோளத்தை இரண்டு அரைக்கோளங்களுக்குள் வைத்து, கம்பியால் தொடுத்து, வெளி ஓட்டுக்கு மின்னேற்றினார். கம்பியை எடுத்து ஓட்டைத் திறந்தபோது உள்கோளத்தில் ஏற்றமே அகப்படவில்லை. அடுக்கு 2இலிருந்து ஐம்பதில் ஒன்றுக்கு மேல் விலக முடியாது என்று கணித்தார். இது 1770களின் தொடக்கத்தில். ஆட்களோடு பேசவே கூச்சப்பட்ட அந்த மனிதர் அதை வெளியிடவேயில்லை. அவர் இறந்து 69 வருடங்களுக்குப் பிறகு, 1879இல்தான் மக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தார்.

இடையில் 1785இல், மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டி உடம்பைக் கெடுத்துக்கொண்டு திரும்பிய பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளர் கூலோம், மெல்லிய வெள்ளிக் கம்பியில் தொங்கும் முறுக்கல் தராசை வைத்து நேரடியாகவே அளந்தார். குண்டுகளின் இடைவெளி 36, 18, எட்டரைப் பாகை. கம்பியின் முறுக்கு 36, 144, 575.5 பாகை. இடைவெளி பாதியாக, விசை நான்கு மடங்கு. அவர் அச்சிட்டது இந்த மூன்று வாசிப்புகள்தான்!

விதிக்குக் கூலோமின் பெயர் வந்ததில் அநியாயம் இருப்பதாக எனக்குப் படவில்லை. அவர் செய்ததை வெளியிட்டார், மற்றவர்களும் செய்து பார்க்க முடிந்தது. ஆனால் பின்னால் வந்தவர்கள் விதியை நுணுக்கமாகச் சோதிக்க எடுத்தது அவருடைய தராசை அல்ல, கெவன்டிஷின் ஓட்டைத்தான். 1936இலும் 1971இலும் அதே முறையை இலத்திரனியல் கருவிகளோடு செய்து பார்த்தார்கள். கடைசிச் சோதனையில், தசமப் புள்ளிக்குப் பின் பதினைந்து தானம் வரை அந்த 2 அசையவில்லை.