தேவிகுளம் வட்டம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலை வட்டம். மூணாறு, மறையூர், வட்டவடை, பள்ளிவாசல் என்னும் ஊரை அடுத்த சித்திரபுரம் ஆகியவை இதில் அடங்கும். ஆனைமுடி (2,695 மீட்டர்) தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம். முதிரப்புழை மேற்கே பெரியாற்றில் கலக்கிறது. மழை மறைவுப் பகுதியான மறையூர் வழியே பாம்பாறு கிழக்கே அமராவதி ஆற்றுக்குப் போகிறது. சித்திரபுரத்துக்கு அருகே 1940-இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் நிலையமே கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம்.

1956 மாநிலச் சீரமைப்பில், தமிழர் மிகுந்த இவ்வட்டத்தைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய போராட்டம் பலிக்கவில்லை. 1972-இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது இவ்வட்டம் அதில் சேர்ந்தது. தேவிகுளம் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. இவ்வட்டத்தில் 2010-இல் அமைந்த இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. அங்கு வாழ்வோர் முதுவர்கள். அவர்களின் பேச்சு தமிழுக்கு நெருக்கமானது.

ஆட்சிமொழி மலையாளம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் புழங்குவது பெரும்பாலும் தமிழ். தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. சிறுபான்மைத் தமிழர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்கிறது 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம். 2021-இல் இத்தொகுதி உறுப்பினர் அ. ராஜா கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் பதவியேற்றார்.