திவானில் இடம்பெற்ற குடும்பங்கள்

படைக்குச் சென்றவனுக்கு ஊதியம் தருவது பல அரசுகளும் செய்துவந்ததே. அவன் விட்டுச்சென்ற மனைவி மக்களுக்கு அரசிடம் தனி உரிமை உண்டா, உண்டெனில் அது எந்நாளில் தொடங்குகிறது என்பதே கடினமான வினா. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இதற்குக் கிடைத்த விடையையும், அவ்விடை திருத்தப்பட்ட விதத்தையும் நாம் இங்கு நோக்குவோம்.

இதற்கான அடித்தளம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே இடப்பட்டது. அறப்போருக்குச் செல்பவரின் குடும்பத்தை நன்கு பேணியவர் தாமும் போரிட்டவரே என அண்ணலார் அறிவித்தார்கள். ஹிஜ்ரி 8இல் (கி.பி. 629) மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது, அவர்தம் வீட்டாருக்கு உணவு சமைக்கப் பணித்தார்கள். எனினும் அன்று அது சுற்றத்தாரின் கடமையாக இருந்ததேயன்றி, ஏட்டில் எழுதிய உரிமையாக இல்லை.

இராக், ஷாம், மிஸ்ர் நாடுகளின் வருவாய் பெருகியபோது நிலை மாறிற்று. உமர் (ரலி) திவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். அது ஹிஜ்ரி 15 என்பாரும் 20 என்பாரும் உளர். பத்ர் வீரர்களுக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம் விதிக்கப்பட்டது. தபரீ தரும் கணக்கின்படி, அவர்தம் மனைவியர்க்கு 500, பத்ருக்குப் பின் ஹுதைபிய்யா வரை பங்கேற்றோரின் மனைவியர்க்கு 400, சிறார்க்கு 100. ஜஅஃபரின் மனைவியாயிருந்த அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) போன்ற முஹாஜிர் பெண்கள் சிலருக்குத் தம் பெயரிலேயே 1,000 திர்ஹம் கிடைத்தது. மாதாந்தரத் தானியத்தை வரையறுக்க, ஏழைகளை அழைத்து உண்ணச் செய்து அளந்து பார்த்தனர்; அந்த அளவு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.

இவ்வளவு கருத்துடன் வகுத்த திட்டத்திலும் ஒரு பிழை இருந்தது. தாய்ப்பால் மறந்த குழந்தைக்கே உதவித்தொகை என்பது தொடக்க கால விதி. ஓரிரவு மதீனாவின் புறத்தே தங்கியிருந்த வணிகக் கூட்டத்துக்கு உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் காவலிருந்தனர். அப்போது ஒரு குழந்தை ஓயாது அழுதது. கலீஃபா பன்முறை சென்று தாயைக் கடிந்தார்கள். வந்திருப்பவர் யாரென அறியாத அவள், பால் மறந்த பிள்ளைக்கே உமர் தொகை தருவதால் காலத்துக்கு முன்பே பாலை நிறுத்துவதாகக் கூறினாள். விடியற்காலைத் தொழுகையில் அழுகையால் கலீஃபாவின் ஓதல் மக்களுக்கு விளங்கவில்லை. எத்தனை குழந்தைகள் தம் விதியால் மாண்டனவோ எனக் கலங்கிய அவர்கள், பிறந்த நாள் முதலே தொகை உண்டு என அறிவித்து, மாகாணங்களுக்கும் எழுதினார்கள்.

இந்நிகழ்ச்சி கலீஃபாவின் இரக்கத்துக்குச் சான்றாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. நாம் கருதுவது வேறொன்று. சலுகை பெற விதியை ஏய்த்தாள் என்று அத்தாயை எவரும் விசாரிக்கவில்லை. அவளை அதற்குத் தள்ளியது விதியே என ஆட்சியாளர் உணர்ந்தார். தாயை விட்டு விதியைத் திருத்தினார்.

பதிவேட்டுக்கு வெளியேயும் உமர் (ரலி) செவிசாய்த்தார்கள். கணவனை இழந்த இளம்பெண் ஒருத்தி சந்தையில் அவர்களை நிறுத்தி, சிறு பிள்ளைகளின் பசியையும், தன் தந்தை குஃபாஃப் (ரலி) ஹுதைபிய்யாவில் இருந்ததையும் உரைத்தாள். ஒட்டகத்தில் உணவு மூட்டைகளும் பணமும் துணியும் ஏற்றிக் கயிற்றை அவள் கையில் கொடுத்தார்கள். அதிகம் என்றவரிடம், அவளுடைய தந்தையும் சகோதரரும் ஒரு கோட்டையை முற்றுகையிட்டு வென்றதை நினைவூட்டினார்கள். இன்னொரு முறை, எஞ்சிய நல்லாடையைக் கலீஃபாவின் மனைவிக்குத் தருமாறு சிலர் கூறியபோது, உஹதில் தண்ணீர்த் தோற்பைகள் சுமந்த உம்மு ஸலீத் (ரலி) அவர்களே அதற்கு உரியவர் என்றார்கள். உறவை விட உழைப்பு முந்திற்று.

இன்றும் பல நாடுகளில் படைவீரரின் துணைவியர் வேலைக்கும் உதவிக்கும் விண்ணப்பம் எழுதித் தகுதிக்குச் சான்று காட்டிக் காத்திருக்கின்றனர். தகுதிப் பட்டியல் வகுப்போர் ஒன்றை நினைவிற் கொள்ளல் நலம்: விதி சரியா தவறா என்பது ஏட்டில் தெரிவதில்லை, அது நுழையும் வீட்டில்தான் தெரிகிறது.