ஒரே எண்ணுக்குள் அடங்காத மண்



மயில்துத்தக் கரைசலில் அமோனியா விட்டதும் கருநீலம் வந்ததே, நினைவிருக்கிறதா? "இது அணைவுச் சேர்மம், இதற்கு ஒரு நிலைப்பு மாறிலி உண்டு" என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன்.

போன வாரம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பழைய மாணவர் மண் பரிசோதனை அறிக்கையை அனுப்பியிருந்தார். "சார், செம்பு இவ்வளவு இருக்கே, ஆபத்தா?" என்று கேட்டார். அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாதப்பா என்றேன். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு.

பிரான்சில் போர்தோ பகுதியில் 1885 வாக்கில் மில்லார்தே என்ற பேராசிரியர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து திராட்சைக் கொடியின் அடிச்சாம்பல் நோயை அடக்கினார். அதுதான் நாம் தெளிக்கும் போர்டோ கலவை. நூறு ஆண்டுகளுக்கு மேல் தெளித்த செம்பு அங்கே மேல்மண்ணிலேயே சேர்ந்துவிட்டது. மழை அதை அடித்துக்கொண்டு போகவில்லை. அதைப் பிடித்து வைத்ததில் பெரும் பங்கு மட்குக்கு.

மட்கில் உள்ளது போன்ற கருப்பான ஹியூமிக் பொருளைச் சதுப்புநிலப் பீட்டிலிருந்து காரம் கொண்டு 1786-லேயே பிரித்தவர் ஜெர்மானியரான அக்கார்ட். பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுத்தாரே, அவரேதான். ஆனால் அது எவ்வளவு உலோகத்தைப் பிடிக்கும் என்று கணக்கிடத்தான் யாராலும் எளிதில் முடியவில்லை. காரணம், மட்கு ஒரே மூலக்கூறு அல்ல. அதிலுள்ள கார்பாக்சில், பீனால் தொகுதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பிடி. முதலில் வரும் செம்பு வலுவான இடங்களில் உட்காரும். பின்னால் வருவதற்கு இளகிய இடம்தான் மிச்சம். ஒரே மாறிலி எப்படிப் பொருந்தும்?

1992-ல் இங்கிலாந்தின் வின்டர்மியர் ஏரிக்கரையில் டிப்பிங், ஹர்லி இருவரும் பல வலிமைகள் கொண்ட பிடிப்பிடங்களாக மட்கைப் பிரித்து, ஹைட்ரஜன் அயனியும் உலோகமும் அவற்றுக்குப் போட்டியிடுவதாகக் கணக்கெழுதினார்கள். நெதர்லாந்தின் வாகனிங்கனில் இருந்தவர்களோ, படிப்படியாகப் பிரிக்காமல் தொடர்ச்சியான பரவலாகவே எடுத்துக்கொண்டு 'நைக்கா-டொனான்' என்ற மாதிரியை வளர்த்தார்கள். இரண்டும் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

இரண்டும் சொல்வது இதுதான்: மண் புளித்தால் ஹைட்ரஜன் அயனி இடத்தைப் பறிக்கும், செம்பு வெளியேறி வேரைத் தொடும். மொத்தச் செம்பு அதேதான், ஆபத்து வேறு.

அதனால் அந்த மாணவரிடம், "பி.எச். எவ்வளவு, கரிமம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பேசு" என்றேன். 1992-லும் நான் வகுப்பில் ஒற்றை மாறிலியைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். தூய சேர்மத்துக்கு அது சரி. மண்ணுக்குப் போதாது என்று அன்றே ஒரு வரி சேர்த்திருக்கலாம். இன்று சேர்த்துவிட்டேன், குறித்துக்கொள்ளுங்கள்.